பதினாலாம் நம்பர் அட்டை

2009 ஜூன் 18

நோட்டில் பதினாலாவது ஆள் இன்று வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் நான் செண்ட் கலந்து கொடுக்கும் எட்டுக்குப் பத்து அறையைத் தேடிக் கண்டுபிடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"என்ன மாதிரி வாசம் வேணும்யா?"

"நிலக்கோட்டை வண்டி."

புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். காலை ஆறு மணி வண்டியில் மதுரைக்குப் பூ மூட்டை ஏறும். நனைத்த சாக்கு, உள்ளே இன்னும் விரியாத மல்லி, சாக்கிலிருந்து சொட்டிப் படிக்கட்டில் ஓடும் தண்ணீர். அந்த வாசத்துக்குள் நின்றே பல வருஷம் டிக்கெட் கிழித்திருக்கிறார். "டீசல் மட்டும் வேண்டாம் தாயி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

2009 ஜூலை 9

ஆறு முறை கலைத்துப் போட்டாச்சு. மல்லி சுலபம், ஈரச் சாக்குதான் பிடிபடவில்லை. கடைசியில் வெட்டிவேரைக் கூட்டினேன், வந்துவிட்டது. 10 கிராமுக்கான கலவை அளவு அட்டை:

ஹெடியோன் (மல்லி வாச ரசாயனம்) 2.50, சேண்டலோர் (சந்தன வாச ரசாயனம்) 2.00, வெட்டிவேர் எண்ணெய் 1.20, லிலியால் (வெள்ளைப் பூ வாச ரசாயனம்) 0.60, ஜெரேனியம் 0.40, மல்லி அப்சொல்யூட் (பூவிலிருந்து எடுத்த சாரம்) 0.15, மரிக்கொழுந்து எண்ணெய் 0.10, இண்டோல் பத்து சதக் கரைசல் 0.05. மிச்சம் 3.00 டிபிஜி, கலவையை இளக்குகிற வாசமில்லாத திரவம்.

இண்டோல் தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டையும் சாக்கடையும் சேர்ந்த நாற்றம். அது துளி இல்லாவிட்டால் மல்லி சோப்பு மல்லியாகிவிடும். பூவுக்குள்ளேயே இருக்கிற சங்கதிதான் அது.

2010 ஆகஸ்ட் 3

கண்டக்டர் ஐயா வந்தார். "போன தடவை மாதிரியே குடு தாயி." கொடுத்தேன். முகர்ந்தார். "அது மாதிரி இல்லியே."

அதே அட்டை, அதே தராசு. மாறியது மல்லி. பூ விலை ஏறி இறங்குகிற கதை மதுரையில் யாருக்குச் சொல்ல வேண்டும்? மார்கழி, தை மாதத்தில் பனிக்கு மொட்டே இருக்காது, கிலோ ஆயிரக்கணக்கில் போகும். பங்குனி, சித்திரையில் கொட்டும். கட்ட ஆளில்லாமல் விலை விழும்போதுதான் செண்ட் ஆலைக்காரர்கள் மூட்டை மூட்டையாக எடுப்பார்கள். ஹெக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து, ‘கான்கிரீட்’ என்று சொல்கிற மெழுகு மாதிரிப் பசையை எடுப்பது முதல் வேலை. ஆயிரம் கிலோ குண்டுமல்லிக்கு இரண்டு கிலோ தேறினாலே பெரிது. அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் அப்சொல்யூட். காலையில் பறித்த மொட்டு மத்தியானம் வரை வெயிலில் கிடந்திருந்தால் அதுவும் அந்தக் குப்பிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். நான் வாங்குவது பத்துப் பத்து கிராம். எந்த மூட்டை எனக்கு வந்தது என்று விற்றவருக்கே தெரியாது.

இதையெல்லாம் ஐயாவிடம் சொல்லவில்லை. இண்டோலை 0.07 ஆக்கிக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

2012 நவம்பர் 22, கன்னோஜ்

அத்தர் காய்ச்சுகிற வடநாட்டு ஊர். ரயில் அலுப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் வந்ததற்குப் பலன் உண்டு. இங்கே செப்புக் கொப்பரையை ‘தேக்’ என்கிறார்கள். வாயை மண் குழைத்துப் பூசி அடைக்கிறார்கள். மூங்கில் குழாய் வழியே ஆவி இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ‘பப்கா’ என்னும் செப்புக் குடத்தில் சேர்கிறது. குடத்துக்குள் ஏற்கெனவே சந்தன எண்ணெய் இருக்கும். சந்தனம் விற்கிற விலையில் இப்போது பலர் லிக்விட் பாரஃபினுக்குப் போய்விட்டார்கள்.

தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு பெரியவர் குடத்தின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விறகை இழுக்கச் சொல்கிறார், கொஞ்சம் கழித்துத் தள்ளச் சொல்கிறார். மழை மண் வாசத்து அத்தர் ஒரு குப்பி வாங்கினேன். அப்புறம் வெட்டிவேர் ‘ரூஹ்’ (வேறெதுவும் கலக்காத எண்ணெய்) கொஞ்சம், செம்பில் காய்ச்சியதால் லேசான பச்சை நிறம். நாளைக்கு ஐயாவின் குப்பியில் இதைப் போட்டால் சாக்கு வாசம் போய் ஆற்றங்கரை வந்துவிடும். ஆசையை அடக்கிக்கொண்டேன்.

2013 பிப்ரவரி 11

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் "உங்களுக்கு நல்ல காலம்தான்" என்கிறார்கள். எனக்கு வரும் குப்பியில் ஊர்ப் பெயரே இருக்காது.

2014 மே 6

புது ஆளிடம் வாங்கிய வெட்டிவேர் எண்ணெய், கலப்படம். முகர்ந்தபோது அருமையாக இருந்தது. அட்டைக் கீற்றில் தொட்டு ஜன்னலில் சொருகிவிட்டுப் போனேன். காலையில் கீற்றில் ஒன்றுமே இல்லை. நல்ல வெட்டிவேர் என்றால் நாலு நாள் கழித்தும் கீற்று பேசும். பணம் போனது போனதுதான். இனிமேல் கீற்று ராத்தங்காமல் எதையும் வாங்குவதில்லை. இதை முதல் வருஷமே எழுதி வைத்திருக்க வேண்டும்.

2017 ஜூலை 20

ஜிஎஸ்டியில் செண்டுக்கு 28 சதவீதம். பெங்களூருக்கு ஒரு குப்பி அனுப்புவதற்கும் பதிவு எண் வேண்டுமாம். நாள் முழுக்க ஆடிட்டர் அலுவலகத்தில் கழிந்தது.

2017 நவம்பர் 16

18 ஆகக் குறைத்துவிட்டார்கள். போன வாரம் அச்சடித்த விலைச்சீட்டு ஐந்நூறும் குப்பையில்.

இன்று ஒரு கல்லூரிப் பையன் ஸ்பிரேயாகத்தான் வேண்டும் என்றான். ஸ்பிரே என்றால் எத்தில் ஆல்கஹால், அதற்கு ஆயத்தீர்வைத் துறை உரிமம், கூரியர்க்காரர் விமானத்தில் ஏற்ற மாட்டார். உருட்டும் குப்பியிலேயே தருகிறேன் என்றேன். "தாத்தா செண்ட் மாதிரி இருக்குங்க்கா" என்று சொல்லிவிட்டு, இரண்டு வாங்கிப் போனான்.

2021 மே 27

காய்ச்சல் நின்று நாலு நாள். காலையில் காபி வெறும் சுடுதண்ணீராக இருந்தது. அலமாரியைத் திறந்து இண்டோல் குப்பியை மூக்கிலேயே வைத்தேன். ஒன்றும் இல்லை. மூடியை மூடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

2021 ஆகஸ்ட் 14

ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி முகர வேண்டும் என்றார் டாக்டர். நாலு குப்பியும் என் கடையில் இருந்தவையே. கிராம்பு மட்டும் தூரத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரி வருகிறது. காபிக்கு வாசம் திரும்பிவிட்டது, ஆனால் டயர் எரிகிற வாசம்.

2021 நவம்பர் 2

தீபாவளிக் கூட்டம். என் அக்கா மகள்தான் கலக்குகிறாள். நான் அட்டையை வாசிக்கிறேன், தராசைப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

கண்டக்டர் ஐயா மாஸ்க்கை இறக்கி முகர்ந்தார். "இதுதான் தாயி. போன தடவை மாதிரியே இருக்கு."

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. உள்ளே போய் அட்டையைத் திரும்பப் பார்த்தேன். அவள் நான் அடித்துத் திருத்தியதை எல்லாம் விட்டுவிட்டு, பழைய மையில் இருந்த 2009 கணக்கைப் போட்டிருக்கிறாள். இண்டோல் 0.05.

2022 மார்ச் 8

லிலியால் கலந்த செண்ட், அழகுப் பொருள் எதையும் இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கக் கூடாது. கருவளத்தைப் பாதிக்கலாம் என்பது காரணம். இங்கே கடைக்காரர் "நமக்கென்னங்க" என்கிறார். டின் டின்னாக வைத்திருக்கிறார், பாவம். எனக்கு மனசு ஒப்பவில்லை. இருபத்தெட்டு அட்டையில் லிலியால் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஹைட்ராக்சி சிட்ரோனெல்லால் வைத்துப் பார்க்கிறோம். என் மூக்கு முக்கால்வாசி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். மிச்சக் கால்வாசிக்கு அக்கா மகளின் மூக்கு.

2023 அக்டோபர் 30

"லேசா இருக்கே தாயி" என்றார் கண்டக்டர் ஐயா. மல்லியை 0.25 ஆக்கினேன். "இன்னும் கொஞ்சம்." டிபிஜியைக் குறைத்தேன்.

2024 செப்டம்பர் 12

ஐயாவின் வீட்டம்மா போன் செய்தார். இத்தனை வருஷத்தில் இவர் குரலைக் கேட்டதே இல்லை.

"என்னம்மா கலக்குற? மூணு வீடு தள்ளி மணக்குது. தெருவுல பிள்ளைக மூக்கைப் பொத்துதுக. அவருக்கு மட்டும் பத்தலையாம். நேத்துக் கொழம்பு தீஞ்சது, பக்கத்துலயே ஒக்காந்து பேப்பர் படிக்கிறாரு."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, "நான் சொன்னேன்னு சொல்லிராத" என்றார்.

2024 அக்டோபர் 26

ஐயா வந்தார். முதல் அட்டையின் அளவிலேயே, லிலியால் மட்டும் மாற்றிக் கலந்து வைத்திருந்தேன். மூடியைத் திறந்து வெகுநேரம் வைத்திருந்தார். நான் கல்லாவைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

"நிலக்கோட்டை வண்டிதான?"

"ஆமாய்யா. ஆறு மணி வண்டி."

"சரி" என்றார். நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்திருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, எண்ணி, மேசையில் வைத்தார். இருபது ரூபாய் மீதி கொடுத்தேன். அதையும் அதே விரலிடுக்கில் சொருகிக்கொண்டு இறங்கிப் போனார்.