பனையைச் சுற்றி வளரும் ஆல்

கடலூர் முதுநகரில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்கு மென்பொருளை மாற்றித் தரும் வேலையை நான் ஏற்றபோது, விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள நிரல்மொழியில் எழுதப்பட்ட அது, மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2015-இலேயே முடிந்துவிட்ட பின்னும் நாள் தவறாமல் பில் போட்டுக்கொண்டிருந்தது. முழுவதையும் புதிதாக எழுதி ஒரே இரவில் மாற்றிவிடலாம் என்றே முதலில் நினைத்தேன். மூன்று மாதம் வீணான பிறகுதான், யாரும் எழுதிவைக்காத விதிகள் பழைய நிரலில் எவ்வளவு புதைந்திருந்தன என்பது புரிந்தது. சில்லறைப் பாக்கியை அடுத்த பில்லில் கழிக்கும் வழக்கம், கணக்குப்பிள்ளைக்கும் அந்த நிரலுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

பனையில் விழுந்த ஆல விதை, அம்மரத்தையே பற்றி வேர்விட்டு வளர்வதை நம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் கண்ட அத்தகைய அத்திமரத்தின் பெயரைத்தான் மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபவுலர் 2004-இல், பழைய மென்பொருளைச் சுற்றிப் புதியதை வளர்த்துப் படிப்படியாக மாற்றும் முறைக்குச் சூட்டினார். அவ்வழியில், வரும் வேலையைப் பழையதற்கோ புதியதற்கோ பிரித்து அனுப்பும் ஓர் இடைநிலை அடுக்கைப் பழைய நிரலுக்கு முன்னே வைத்து, ஜிஎஸ்டி கணக்கீட்டை மட்டும் புதிய சேவைக்குத் திருப்பி, இரண்டின் விடைகளையும் ஒரு மாதம் ஒப்பிட்டேன். பழையது பொருள்தோறும் ரவுண்ட் ஆஃப் செய்ய, என்னுடையது மொத்தத்தில் செய்ததால், சில பில்களில் பைசாக்கள் இடித்தன.

சரக்கிருப்பு இன்னும் ஃபாக்ஸ்புரோவின் பழைய டிபிஎஃப் தரவுக் கோப்புகளிலேயே இருக்கிறது. தீபாவளி வியாபாரம் முடியும்வரை அதைத் தொட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.