மூன்றாவது நெடுவரிசை

என் முதல் ஆய்வறிக்கையில் செய்த தவறை இப்போது நினைத்தாலும் காது சிவக்கிறது. வைட்டமின் டி மாத்திரை தொடங்குவதற்கு முன் இரத்தத்தில் ஓர் அளவு, மூன்று மாதம் கழித்து அதே ஆட்களிடம் இன்னோர் அளவு. இரண்டையும் சம்பந்தமில்லாத இரு கூட்டங்களாக எண்ணி டி-சோதனை (t-test: இரு சராசரிகளின் வேறுபாடு வெறும் தற்செயலா என்று பார்க்கும் சோதனை) போட்டேன். குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று வந்தது. அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டேன். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அட்டவணையின் இரு நெடுவரிசைகளுக்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு கழித்தல் குறி போட்டுத் திருப்பித் தந்தார்.

அது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. இப்போது யாராவது கேட்டால் ஐந்து கற்பனை ஆட்களை வைத்து விளக்குகிறேன். மாத்திரைக்கு முன் 12, 18, 25, 31, 40. பின் 16, 21, 30, 34, 45. தனிக் கூட்டங்களாகப் பார்த்தால் சோதனையின் டி (t) மதிப்பு 0.57; அது பெரிதாக இருந்தால்தான் மாற்றத்தைத் தற்செயல் இல்லை என்று சொல்ல முடியும். ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்றத்தாழ்வு அந்தச் சிறிய உயர்வை விழுங்கிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனியாகக் கழித்தால் 4, 3, 5, 3, 5. சராசரி 4, திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய சிதறல்) 1, டி மதிப்பு 8.9. அதே பத்து எண்கள்தான்!

டி-சோதனை எதிர்பார்க்கும் இயல்நிலைப் பரவல் (மணி வடிவப் பரவல்) இருக்கிறதா என்று முதல் இரண்டு நெடுவரிசைகளையும் போட்டுக் குடைபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பார்க்க வேண்டியது கழித்து வந்த மூன்றாவதை. 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில், டி-சோதனைக்கு வித்திட்ட காசெட் எழுதிய கட்டுரையிலேயே, பத்து நோயாளிகளுக்கு இரண்டு மருந்துகளால் கூடிய தூக்கத்தை ஆளுக்கு ஆள் கழித்துத்தான் பார்த்திருக்கிறார்.

"ஆட்கள் குறைவு, அதனால் வில்காக்ஸன்" என்று மனப்பாடமாகச் சொல்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. வில்காக்ஸன் என்பது வேறுபாடுகளை நேராக எடுக்காமல், அவற்றின் தரவரிசையையும் குறியையும் வைத்துப் பார்க்கும் சோதனை. ஐந்து வேறுபாடுகளுக்குக் கூட்டல், கழித்தல் குறிகள் அமையும் வழிகள் 32. ஐந்து பேருக்குமே ஏறியிருந்தாலும் இருபக்க பி-மதிப்பு (மாற்றமே இல்லாதபோதும், ஏற்றமாகவோ இறக்கமாகவோ, தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 2/32, அதாவது 0.0625. அதற்குக் கீழே அது இறங்கவே இறங்காது. வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே போக ஆறு பேராவது வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று நான்கு ஏறியிருக்க, ஒருவருக்கு மட்டும் நாற்பது ஏறினால், அங்கே வில்காக்ஸன் கைகொடுக்கும். அதுவும் வேறுபாடுகள் ஓரளவு சமச்சீராகப் பரவியிருந்தால்தான். இல்லையென்றால் ஏறியதா இறங்கியதா என்று மட்டும் எண்ணும் குறிச் சோதனை போதும்.

ஆளுக்கு ஆள் கழித்துப் பார்க்கும் இணை டி-சோதனை போட்டுத் திருத்திய அறிக்கையில் பி-மதிப்பு அழகாக வந்தது. பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன். இந்த முறை ஓரத்தில் ஒரு கேள்வி: "முதல் அளவு எந்த மாதம்?"

குளிர்காலத்தின் கடைசியில். இரண்டாவது, நல்ல வெயில் காலத்தில். மாத்திரை சாப்பிடாத குழு என்று ஒன்று என்னிடம் இல்லவே இல்லை.