பிரான்மலையில பிஞ்ச ஷூ

எங்க ஊர்க்காரங்களுக்கு மலைன்னா குன்றக்குடிதான். காரைக்குடிய சுத்தி எங்க பாத்தாலும் தட்டையா செம்மண்ணும் கண்மாயும் கருவேலமும்தான், அதுக்கு நடுவுல குன்றக்குடில மட்டும் ஒரு பாறைய தூக்கி வச்ச மாதிரி இருக்கும், அதுமேல சண்முகநாதர். செருப்ப கழட்டிப் போட்டுட்டு ஏறினா மூச்சு வாங்குறதுக்குள்ள சன்னதி வந்துரும். அத ஏறி ஏறியே நாங்கள்லாம் மலை ஏறத் தெரிஞ்ச ஆளுங்கன்னு நெனச்சுட்டு இருந்தோம். போன மாசி கடைசி ஞாயித்துக்கெழம பிரான்மலைல அந்த நெனப்புக்கு பால் ஊத்தியாச்சு.

மொத்தம் அஞ்சு பேரு. நானு, என்கூட ஸ்கூல்ல படிச்சு இப்ப பேங்க்ல இருக்கவன், காலேஜ் படிக்கிற அவன் தம்பி, சிங்கப்பூர்லேந்து லீவுல வந்திருந்த இன்னொரு கூட்டாளி, அப்புறம் எங்க தெரு அண்ணன் ஒருத்தர். அண்ணனுக்கு அம்பது தாண்டியாச்சு, ஆனா நடுவுல கொரோனா வருஷத்த விட்டுட்டுப் பாத்தா 14 வருஷமா தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்குறார். அதுவும் போய்ட்டு பஸ் ஏறி வர்ற ரகம் இல்ல, காவடிக்காரங்ககூட சேந்து திரும்பவும் நடந்தே வர்ற ரகம். அதனால அவர் வர்றாருன்னதும் எங்களுக்கெல்லாம் ஒரு தெம்பு.

விடியக்காலம் அஞ்சு மணிக்கு கெளம்பணும்னுதான் பேச்சு. அஞ்சே முக்காலுக்கு சிங்கப்பூர்க்காரன் வீட்டு வாசல்ல ஹாரன் அடிச்சா அவங்க அம்மா வந்து "இப்பத்தாம்ப்பா குளிக்கப் போயிருக்கான், உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க"ங்கிறாங்க. உள்ள போனா காபியோட நிக்குமா, சுடச்சுட வெள்ளைப்பணியாரமும் வரமிளகா துவையலும் வருது, வேணாம்னு சொல்ல யாருக்கு மனசு வரும், ஆளுக்கு ஏழெட்டு உள்ள போய் வண்டி கெளம்பும்போது மணி ஏழேகால். அன்னிக்கு நாங்க பட்ட பாட்டுல பாதிக்கு அந்தப் பணியாரம்தான் காரணம், ஆனா அத நான் குறை சொல்ல மாட்டேன்.

மீதி பாதிக்கு காரணம் அவன் கால்ல இருந்துச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின டிரெக்கிங் ஷூ. ஒரே ஒரு தடவ போட்டுட்டு பெட்டியோட பரண்ல வச்சுட்டு சிங்கப்பூர் போய்ட்டான். பாக்க புதுசு மாதிரியே இருந்துச்சு. நாங்கள்லாம் சாதா ஷூவும் செருப்புமா நிக்கிறோம், அவன் எங்க கால எல்லாம் ஒரு பார்வ பாத்தான் பாருங்க.

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டி திருப்பத்தூர் (நம்ம சிவகங்கை திருப்பத்தூர், வேலூர்கிட்ட இருக்கது இல்ல). ஊருக்குள்ள நுழையும்போதே அண்ணன் பேச்ச நிறுத்திட்டார். மருது பாண்டியர் ரெண்டு பேரையும் 1801 அக்டோபர் 24ஆம் தேதி வெள்ளைக்காரன் தூக்குல போட்ட ஊரு, இங்க வந்தா அவர் கொஞ்ச நேரம் அப்படித்தான். அப்புறம் சிங்கம்புணரி, ரோட்டோரம் தேங்கா நாரு அம்பாரமா கெடக்கு, கயிறு திரிக்கிற ஊரு, வெயில்ல காயிற நாரு வாசம் கார் கண்ணாடிய ஏத்தினாலும் உள்ள வருது. அங்கேருந்து கொஞ்ச தூரத்துல பிரான்மலை.

தூரத்துலேந்து பாக்கையில அவ்ளோ பெருசாத் தெரியாது. கிட்டப் போகப் போகத்தான் அது பாட்டுக்கு ஒசந்துகிட்டே போகும். 2500 அடின்னு ஊர்ல சொல்றாங்க. ஊட்டி கொடைக்கானல் போனவங்களுக்கு இது ஒரு நம்பரா தெரியாது, ஆனா அங்கெல்லாம் நாம கார்லதான போறோம்.

இதுதான் பாரியோட பறம்பு மலை. மூவேந்தரும் சேந்து முற்றுகை போட்டும் பிடிக்க முடியாம போச்சே, அந்த மலை. அடிவாரத்துல கொடுங்குன்றநாதர் கோயில், சம்பந்தர் பாடினது, பாண்டிய நாட்டு பாடல் பெற்ற தலம் 14ல ஒண்ணு. கோயிலே பாதாளம், பூமி, கைலாயம்னு மூணு அடுக்கு. மத்தியானம் நடை சாத்திருவாங்க, முதல்ல சாமி கும்பிட்டுட்டு ஏறலாம்னு அண்ணன் சொல்லிட்டார், அவர் சொன்னா மறுபேச்சு கெடையாது. மூணு அடுக்கும் பாத்து வெளிய வந்து ஏற ஆரம்பிக்கும்போது மணி ஒம்பதரை. மாசி மாச ஒம்பதரை வெயிலு எப்படி இருக்கும்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆரம்பத்துல கல்லுப்படி மாதிரி இருந்துச்சு, தம்பி போன நீட்டி வீடியோ எடுத்துகிட்டே போனான். அப்புறம் படி தேஞ்சு வெறும் கல்லாச்சு. கல்லு போய் ரெண்டு பக்கமும் சூரைமுள்ளும் உண்ணிச்செடியும் சட்டையப் பிடிச்சு இழுக்குற தடமாச்சு. தடமும் போய் மொட்டப் பாறை. பாறைல வெயிலு மேலேருந்தும் அடிக்குது கீழேருந்தும் அடிக்குது, தோசைக்கல்லுல நிக்கிற மாதிரி. அஞ்சு பேருக்கு ஏழு லிட்டர் தண்ணி கொண்டு போயிருந்தோம், முதல் முக்கா மணி நேரத்துல மூணு காலி. கட்டிட்டுப் போன புளிச்சோத்துல ஒரு பொட்டலத்த கொரங்கு தூக்கிருச்சு, பேங்க்காரன் கைலேந்தே, அவன் 'ஏய்'ங்கிறதுக்குள்ள அது பாறை மேல உக்காந்து பிரிச்சிருச்சு. வாயில வச்சதும் நிலக்கடலைய மட்டும் பொறுக்கித் தின்னுட்டு சோத்த உதறிட்டுப் போயிருச்சு. அவன் வீட்டு புளிச்சோறு அப்படி.

"முல்லைக்கு தேர் குடுத்தாரே பாரி, இந்த மலைல தேர எங்கடா ஓட்டியிருப்பாரு?"னு அவன் உக்காந்துட்டான். "அதனாலதான் குடுத்துட்டாரு"ன்னான் தம்பி.

பாதி மலைக்கு மேல போய்ட்டோம்னு நெனைக்கிறேன், சிங்கப்பூர்க்காரன் நடக்கும்போது டப்பு டப்புன்னு ஒரு சத்தம். குனிஞ்சு பாத்தா வலது ஷூவோட சோல் குதிங்கால்லேந்து பாதி வரைக்கும் வாயப் பொளந்துகிட்டு நிக்குது. எங்கயோ தடுக்கி பிஞ்சிருக்கும்னு நெனச்சு கையில எடுத்துப் பாத்தேன். தடுக்கலாம் இல்ல. மேல் தோலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவுல மெத்துன்னு ஒண்ணு இருக்கும்ல, அது வெரல்ல பட்டதும் புட்டு மாதிரி உதிருது. அழுத்தினா ஒரு பொடி, கையெல்லாம் ஒட்டுது. இடது ஷூவ தட்டிப் பாத்தா அதுவும் அதே கதி, இன்னும் விழல, அவ்ளோதான் வித்தியாசம். அப்புறம் வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சதுல தெரிஞ்சது, அந்த நடுசோல் பாலியூரித்தேன்ல செய்வாங்களாம், காத்துல இருக்க ஈரத்துல அது கொஞ்சம் கொஞ்சமா தானா சிதைஞ்சுருமாம், அதுவும் போடாம பெட்டிக்குள்ள மூடி வச்சா இன்னும் மோசமாம். புதுசா இருக்குன்னு பத்திரமா வச்சதுதான் வெனை.

வெறுங்கால்ல அந்தப் பாறைல நாலு எட்டு வச்சுப் பாத்தான், முடியல. கட்டுறதுக்கு எங்க கிட்ட ஒண்ணும் இல்ல. காலைல வர்ற வழில ஒரு ஊரே கயிறா கெடந்துச்சு, அதுக்குள்ளதான் கார் ஓட்டிட்டு வந்தோம். பேங்க்காரன் பெல்ட்ட கழட்டிட்டு நிக்கிறான், அத போட்டா சோல் நிக்காது, போடலன்னா அவன் பேன்ட் நிக்காது.

அப்பத்தான் கீழேருந்து ஒரு பெரியவர் ஏறி வந்தார். உச்சில இருக்க தர்காவுக்குப் போற பாய். கைலிய மடிச்சுக் கட்டிகிட்டு வெறுங்கால்ல, கூட பத்து வயசுப் பேரன், முதுகுல தண்ணி கேன கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்கார். எழுவது வயசு இருக்கும், ஒரு இரைப்பு இல்ல.

"என்ன தம்பி, செருப்பு பிஞ்சிருச்சா?"

அவ்ளோ வெல போட்டு வாங்கினத செருப்புன்னு சொல்லிட்டாரேன்னு இவன் மூஞ்சி போன போக்க பாக்கணும். பாய் கேன எறக்கி வச்சு கயித்த அவுத்து, பல்லுல ஒரு முனையக் கடிச்சுகிட்டு, சோல அமுக்கிப் பிடிச்சு அடில ரெண்டு சுத்து, கொண்டு வந்து கணுக்கால்ல ஒரு சுத்து. நான் ஒத்தாசை பண்றேன்னு மேல முடிச்சு போடப் போனேன். "அங்க போடாதீங்க தம்பி, நடக்கையில அறுக்கும், பக்கவாட்டுல போடுங்க"ன்னு சொல்லி அவரே போட்டார். கொஞ்சம் யோசிச்சுட்டு இடது காலையும் நீட்டச் சொன்னார். முப்பது வருஷமா சிங்கம்புணரில கயித்துலதான் பொழப்பாம். கேன பேரன் தலைல வச்சுக்கிட்டான். நாங்க வாங்கிக்கிறோம்னோம், பாய் எங்க நெலமைய ஒரு தடவ பாத்துட்டு வேணாம்னுட்டார்.

உச்சிக்குப் போய்ச் சேரும்போது ஒண்ணரை. தர்கா வாசல்ல நிழல்ல அப்படியே சாஞ்சுட்டோம். கீழ சிவன், மேல தர்கா, ரெண்டுக்கும் போற சனம் ஒரே தடத்துலதான் ஏறுது, பாய் வந்து பாத்தியா ஓதின சக்கரைய எங்க கைலயும் வச்சார். அண்ணன் பட்டையோட அத வாங்கி கண்ணுல ஒத்திகிட்டு வாயில போட்டுகிட்டார். அங்க ஒரு பழைய பீரங்கி கெடக்கு. மருது காலத்ததுன்னு அண்ணன் ஒரே பிடியா நின்னார், திப்பு காலத்ததுன்னு இன்னொருத்தர் சொல்ல, அர மணி நேரம் அதுல போச்சு.

பாறை இடுக்குல ஒரு சுனை. பச்சையா, தலப்பிரட்டை நீந்துது, குடிக்கல, தலைல மட்டும் ஊத்திகிட்டோம். பறம்பு மலை வானம் மாதிரி, அதுல இருக்க சுனையெல்லாம் நட்சத்திரம் மாதிரின்னு கபிலர் புறநானூத்துல சொல்லியிருக்கார். உழாமலே இந்த மலைல நாலு வெளையும்னு மூங்கில் நெல்லு, பலா, வள்ளிக்கிழங்கு, தேன்னு எண்ணிக் காட்டுறதும் அதே பாட்டுலதான். பரிச்சைக்கு மனப்பாடம் பண்ணினப்ப அது நாலு மார்க். தலைலேந்து தண்ணி சொட்டச் சொட்ட உக்காந்திருக்கப்பதான், மூணு ராஜாவோட படை கீழ நிக்க, மேல இருக்கவங்க எதத் தின்னு எதக் குடிச்சு இருந்தாங்கன்னு அந்தாளு கணக்கு சொல்லியிருக்கார்னு எனக்கு ஒறைச்சுது. நாலுல நாங்க பாத்தது ஒண்ணுதான், செங்குத்துப் பாறைல தொங்கின தேனடை, அதுவும் எட்டாத ஒசரத்துல.

அண்ணன் மட்டும் ஓரமா நின்னு கீழயே பாத்துட்டு இருந்தார். பக்கத்துல போனேன். "அந்தா போகுது பாரு, சிங்கம்புணரிலேந்து கொட்டாம்பட்டி ரோடு, அப்படியே சமுத்திராபட்டி, நத்தம்... 14 வருஷமா அந்த ரோட்டுல நடக்கேன். நடக்கையில எல்லாம் இந்த மலைய பாத்துக்கிட்டே போவேன். ஒரு தடவகூட ஏறினதில்ல." ரோடு நூலு மாதிரி வெயில்ல மினுங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு, "மேலேருந்து பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குடா, கீழ அந்த வளைவுலதான் எனக்கு வருஷா வருஷம் கொப்பளம் ஒடையும்"னார்.

ஏறினவன் எறங்கத்தான் வேணும். ஏறும்போது நெஞ்சு அடைக்கும், நின்னா சரியாயிரும். எறங்கும்போது தொடை நடுங்க ஆரம்பிச்சா நின்னாலும் நடுங்குது, உக்காந்தா எந்திரிக்க முடியல. அண்ணனுக்கு மூட்டு பிடிச்சிருச்சு. பழனி வரைக்கும் போய்ட்டு வந்த காலு, எறக்கத்துல பக்கவாட்டா நண்டு மாதிரி ஒவ்வொரு கல்லா எறங்குது, தம்பி முன்னாடி குனிஞ்சு தோளக் குடுத்துகிட்டே வந்தான். அவன் போன் எப்பவோ செத்துப்போச்சு, அதுக்கப்புறம்தான் பையன் மனுஷனானான். கடைசி தண்ணிய நாலு மணிக்கு மூடியில ஊத்தி ஆளுக்கு ஒரு மூடி. சிங்கப்பூர்க்காரன்தான் எங்க எல்லாருக்கும் முன்னாடி போனான், பாறைல கயிறு நல்லா பிடிச்சு நிக்குதாம், வழுக்கவே இல்லையாம்.

கீழ வந்து சேர ஆறேகால். கோயில் வாசல் கடைல ஆளுக்கு ரெண்டு பன்னீர் சோடா, யாரும் பேசல.

மறுநாள் காலைல எங்க வீட்டு திண்ணைக்கு இருக்க அஞ்சு படிய நான் உக்காந்து உக்காந்து எறங்கினேன், அம்மா பாத்துட்டு அப்பத்தாவ கூப்ட்டு காட்டினாங்க. புதன்கெழம வரைக்கும் அப்படித்தான். சிங்கப்பூர்க்காரன் வெள்ளிக்கெழம பிளைட் ஏறிட்டான், ஷூ ரெண்டும் என் கார் டிக்கில கெடக்கு. கயித்த மட்டும் அம்மா அவுத்து எடுத்து கெணத்தடி வாளில கட்டியிருக்காங்க.