வெட்டாமல் விட்ட நடை

தொலைக்காட்சித் தொடர்களில் பதினொரு ஆண்டுகள் படத்தொகுப்பாளனாக வேலை பார்த்தேன். ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பினால் அடுத்த ஷாட்டில் போக வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும், இடையிலுள்ள நடை யாருக்கும் தேவையில்லை என்பதே அங்கு நான் கற்ற முதல் பாடம். பின்னர் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்குக் கற்பிக்க வந்தபோதும் அதையே சொல்லிக்கொடுத்தேன், பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்தைப் பார்க்கும்வரை.

மதுரைக்கு அருகே அரிட்டாபட்டிப் பகுதியில் எடுக்கப்பட்ட, 75 நிமிடமே ஓடும் அந்தப் படம் 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. கதை சிறியது. பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்துவர, குடிகாரத் தந்தை, பள்ளியிலிருந்த மகனை இழுத்துக்கொண்டு போகிறார். அவள் அங்கு இல்லை. பேருந்துப் பணத்தை மகன் கிழித்துப் போட்டுவிட, இருவரும் பொட்டல் வெளியில் கொதிக்கும் வெயிலில் நடந்தே திரும்புகிறார்கள்.

சென்ற பருவத்தில் வகுப்பில் அதைத் திரையிட்டேன். இருபது நிமிடம் கடந்ததும் ஒரு மாணவர் எழுந்து, "சார், கொஞ்சம் ஓட்டிவிடலாமா?" என்று பணிவாகவே கேட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை; முதன்முறை பார்த்தபோது நானும் எங்கெங்கே வெட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கும் சிறுவன், வீடு சேர்ந்ததும் அதை எடுத்து, ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் கற்களோடு வைக்கிறான். யாரும் எதையும் விளக்குவதில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்படியென்றால் இது முதல் தடவை இல்லையா, சார்?" என்று மெல்லக் கேட்டார். நடையைச் சுருக்கியிருந்தால் அந்தக் கற்கள் வெறும் தகவலாகியிருக்கும். அத்தனை நேரம் அந்த வெயிலோடு உட்கார்ந்திருந்ததால்தான், ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒரு முழு நடை இருப்பது அவருக்கு உறைத்தது.

படம் முடியும் தறுவாயில் பெண்கள் ஊற்றுக்குழியருகே காத்திருந்து, ஊறிவரும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். தொடரில் என்றால் நிறைந்த குடத்தை மட்டும் மூன்று வினாடி காட்டியிருப்பேன்.