பொன்னாடையோடு பாபி ரஷ் கச்சேரிக்கு

ஊரிலிருந்து அமெரிக்காவின் மெம்பிஸுக்கு வந்த மாமனார் மாமியாருக்கு மிசிசிப்பி ஆற்றைக் காட்டியாயிற்று, கோயிலும் கூட்டிப்போயாயிற்று. அடுத்து என்ன என்று யோசித்தபோதுதான் ப்ளூஸ் என்கிற கறுப்பின மக்களின் இசையைப் பாடும் பாபி ரஷ் பாட வருகிறார் என்று தெரிந்தது. "90 தாண்டியவர் மாமா, மூணு கிராமி விருது வாங்கினவர்" என்றேன். மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூத்த வித்வான் என்றதும் நெற்றியில் விபூதி, கையில் பொன்னாடையுடன் கிளம்பிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியில் பொன்னாடையோடு பயணம் செய்கிறவர் அவர்.

காரில் கதை கேட்டுக்கொண்டே வந்தார். பாபி ரஷ் 1933-இல் லூசியானாவின் ஹோமரில் பிறந்தவர், சொந்தப் பெயர் எம்மெட் எல்லிஸ். அப்பா பாதிரியார் என்பதால், அவர் பெயரோடு ப்ளூஸ் பாட மனம் வராமல் பெயரை மாற்றிக்கொண்டார். துடைப்பம் கட்டும் கம்பியைச் சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டியதுதான் முதல் வாத்தியம். சின்னப் பையன் என்று தெரியாமலிருக்கப் பொய் மீசை ஒட்டிக்கொண்டு குடிக்கிற இடங்களில் பாடினார். மாமா ரசித்துச் சிரித்தார்.

வெள்ளைக்காரர்கள் வரும் ஒரு கிளப்பில், பாட்டு வேண்டும், கறுப்பு முகம் வேண்டாம் என்று அவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்திப் பாடவைத்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.

"பெரிய விருதெல்லாம் எப்போ குடுத்தாங்க?"

"முதல் ஹிட் 1971-ல மாமா. முதல் கிராமி 2017-ல, 83 வயசுல."

"நம்ம அரியர்ஸே தேவலாம் போலிருக்கே மாப்பிள்ளை!"

அரங்கில் நடுவரிசை. பளபளக்கிற கோட்டோடு கிழவனார் நுழைந்தார். கூடவே ஆட்டக்காரப் பெண்கள். அவர் ஒரு வரி பாட, அவர்கள் முதுகைக் காட்டி நின்று இடுப்பை ஆட்ட, அவர் அதைச் சுட்டிக்காட்டி ஒரு இரட்டை அர்த்தம் சொல்ல, அரங்கமே அலறியது. அப்புறம் கூடாரம் போல ஒரு பெண்கள் உள்ளாடையை விரித்துக் காட்டினார் பாருங்கள், மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாப்பிள்ளைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியுமா? நான் கூரையிலிருந்த விளக்குகளை எண்ண ஆரம்பித்தேன்.

திடீரென்று பின்னணி அடங்கியது. ஒரு கிதார், ஒரு ஹார்மோனிகா, தரையில் தட்டும் கால், அவ்வளவுதான். இந்த மாதிரித் தனியாக வாசித்த ஆல்பத்துக்குத்தான் 2021-இல் இரண்டாவது கிராமி. ஹார்மோனிகா அழுதது, மாமாவின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஏசி குளிருக்கு அத்தை பொன்னாடையை எப்போது போர்த்திக்கொண்டார் என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

"நம்ம குறவன் குறத்தி ஆட்டம்தான் மாப்பிள்ளை" என்றார் மாமா நிதானமாக. "அந்தக் காலத்துல எங்க ஊர்த் திருவிழாவுல இதைவிடப் பச்சையா பேசுவாங்க. ஆனா அந்தத் தனி வாசிப்பு... ஆளு சாமான்யப்பட்டவர் இல்லை."

அத்தைக்கு ஆட்டமும் பொருட்டில்லை, உள்ளாடையும் பொருட்டில்லை. "90 வயசு. ஒன்றரை மணி நேரம் குதிக்கிறார். உங்களுக்கு 71. மாடிப்படி ஏறினா மூட்டு வலியாம்!"

மறுநாள் துவைத்த துணிக்கூடையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது மாமாதான்.