போப்பின் புதுக்கோட்டையில் திராட்சைப் பறிப்பு: ஒரு நாட்குறிப்பு

செப்டம்பர் 12

தென் பிரான்சின் அவிஞ்யோன் நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், ரோன் ஆற்றின் இடக்கரையில் இருக்கிறது ஷாத்தோநெஃப் டு பாப். பெயரைத் தமிழாக்கினால் 'போப்பின் புதுக்கோட்டை' என்று வரும். போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞ்யோனில் தங்கியிருந்த காலத்தில், இருபத்திரண்டாம் யோவான் 1317 இல் இந்தக் குன்றின் மேல் கோட்டை கட்டத் தொடங்கினார். ஆனால் ஊர் போப்பின் பெயரைச் சூடிக்கொண்டது 1893 இல்தான். அதற்கு முன்பு இங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களை ஒட்டி இதற்கு ஷாத்தோநெஃப் கல்செர்னியே என்று பெயர். சுண்ணாம்பைவிடப் போப்பின் பெயருக்கு விலை அதிகம் என்று யாரோ சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பத்து நாள் பறிப்பு வேலைக்காக வந்திருக்கிறேன். ஒரு சிறிய குடும்பத் தோட்டம். தங்குவதற்கு ஒயின் தயாரிக்கும் சரக்கறைக்கு மேலே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். படியேறும்போதே புளித்த திராட்சையின் வாடை மூக்கில் ஏறுகிறது.

செப்டம்பர் 13

விடியும்போதே வரிசையில் நின்றோம். இங்குள்ள கிரெனாஷ் என்னும் சிவப்புத் திராட்சையின் பழைய கொடிகளுக்குக் கம்பியும் கிடையாது, பந்தலும் கிடையாது. தடித்த அடித்தண்டிலிருந்து கிளைகள் கிண்ணம்போல் நாற்புறமும் விரிய, முழங்கால் உயரத்தில் குட்டை மரங்களாக நிற்கின்றன. மிஸ்த்ரால் என்னும் வடகாற்று இந்தப் பள்ளத்தாக்கில் நாள்கணக்கில் வீசும்போது உயரமாக வளர்ந்த கொடி ஒடிந்துவிடும் என்பதால் காலங்காலமாக இப்படி வளர்க்கிறார்கள். காற்றுக்கு நல்ல உபாயம்தான். என் முதுகுக்கு அப்படித் தோன்றவில்லை.

எந்திரத்தால் பறிப்பதற்கு இங்கே சட்டப்படி இடமில்லை. ஒவ்வொரு குலையையும் கையால் தூக்கிப் பார்த்து, கத்தரியால் காம்பை வெட்டி, அழுகிய மணிகள் இருந்தால் அவற்றைக் கிள்ளியெறிந்த பிறகே பெட்டியில் இட வேண்டும். மேற்பார்வை செய்யும் அம்மையார், அறுபது வயதிருக்கும், என் முதல் பெட்டியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூன்று குலைகளை எடுத்துக் கொடியின் அடியில் போட்டார். மூன்றும் எனக்கு அழகாகவே தெரிந்தன. பிறகு ஒரு மணியைப் பிதுக்கி விதையைக் காட்டினார். அது பச்சையாக இருந்தது. தோல் கறுத்திருந்தாலும் விதை பழுப்பாகாத குலை பழுத்த குலை அல்ல; கிளை நுனியில் பிந்திக் காய்க்கும் இந்தச் சிறு குலைகள் கண்ணை எளிதில் ஏமாற்றும் என்றார்.

மாலையில் இடது ஆள்காட்டி விரலைக் கத்தரியில் கொடுத்தேன். குற்றம் முழுக்க என்னுடையது. பார்வை குலையில் இல்லாமல் கடிகாரத்தில் இருந்தது.

செப்டம்பர் 14

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கூழாங்கற்களின் படத்தைத்தான் முதலில் போடுவார்கள். லா குரோ மேட்டில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து பழைய ரோன் உருட்டிவந்த குவார்ட்சைட் கற்கள், தேங்காய் அளவிலும் அதற்கு மேலும், கொடிகளுக்கிடையே பரவிக் கிடக்கின்றன. பகலில் வாங்கிய வெயிலை இரவில் திருப்பிக் கொடுத்துக் கனியைப் பழுக்கவைப்பதாகச் சொல்கிறார்கள். அது பொய்யில்லை, சூரியன் மறைந்து வெகுநேரமான பிறகும் கல்லில் வைத்த உள்ளங்கையில் சூடு ஏறியது. ஆனால் என் எண்ணத்தில், கற்களுக்குக் கிடைக்கும் பெயரில் பாதி அவற்றுக்கு அடியிலுள்ள சிவந்த களிமண்ணுக்குச் சேர வேண்டும். கோடை முழுவதும் மழை பொய்த்தாலும் ஆழத்தில் ஈரத்தைப் பிடித்துவைத்து வேருக்கு ஊட்டுவது அதுதான். ஊரின் பெரும்பெயர் பெற்ற ரையாஸ் தோட்டமோ கூழாங்கல்லே இல்லாத மணலில் இருக்கிறது!

செப்டம்பர் 16

மிஸ்த்ரால் அடித்தது; தொப்பி பறந்தது. முந்தாநாள் பெய்த தூறலில் நனைந்த குலைகளை உலர்த்தி அழுகலைத் தடுப்பதால் காற்றை யாரும் திட்டவில்லை.

உணவு வேளையில் பேச்சு 1923 க்குப் போனது. ஊர் ஒயினின் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெருமையெல்லாம் கொடியின் வேரை உறிஞ்சும் ஃபைலோக்ஸெரா என்னும் பேனோடு போயிற்று. பிரான்சில் அந்தப் பேன் முதலில் தலைகாட்டிய இடங்களில் ஒன்று, ஆற்றின் மறுகரையிலுள்ள ரொக்மோர். அதைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிக் கொடிகளை மீட்ட பிறகு, இந்த ஊரின் பெயரைப் போட்டுக் கண்ட ஒயினையும் விற்கும் மோசடி பெருகியது. முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவரும் சட்டம் படித்தவருமான பரோன் பியேர் லெ ருவா, இங்குள்ள திராட்சைத் தோட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தலைமையேற்று, 1923 இல் விதிகளை வகுத்தார். லாவெண்டர், தைம் ஆகிய மணச்செடிகள் சேர்ந்து வளரக்கூடிய வறண்ட நிலத்தில்தான் கொடி நடலாம். குறிப்பிட்ட இனங்களைத்தான் நடலாம். ஒயினில் குறைந்தது 12.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும்; பறித்ததில் குறைந்தது 5 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும். ஒயினுக்கு அது விளைந்த ஊரின் பெயரைக் காக்கும், பிரான்சு முழுவதற்குமான சட்டம் இதன் வழியில் பிறந்து, 1936 இல் இந்த ஊருக்கும் அந்த உரிமை கிடைத்தது. இன்று ஒரு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர்தான் உச்ச வரம்பு. அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் என் குலைகளை எறிந்ததற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுப் பிடிவாதம் இருப்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

விதி போடுவதில் இந்த ஊர் அலுத்ததே இல்லை. 1954 இல் அன்றைய மேயர், பறக்கும் தட்டுகள் ஊரெல்லைக்குள் பறப்பதையும் இறங்குவதையும் தடைசெய்து ஆணையிட்டார். மீறி இறங்கும் தட்டு உடனே பறிமுதல் செய்யப்படும். விளம்பரத்துக்காகப் போட்டதென்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இதுவரை ஒரு தட்டும் இறங்கவில்லை.

செப்டம்பர் 18

இன்று சரக்கறையில் வேலை. கிரெனாஷைக் கையில் பிழிந்தால் வடிவது நிறமற்ற சாறு. சிவப்பு முழுவதும் தோலில் இருக்கிறது. எனவே தோலோடும் விதையோடும் சேர்த்தே சிமென்டுத் தொட்டியில் நொதிக்கவிடுகிறார்கள். இரண்டாம் நாளுக்குள் தோல்கள் மேலே மிதந்து ஓர் அடையாகக் கட்டிக்கொள்கின்றன. அடியிலிருந்து சாற்றைக் குழாயில் ஏற்றி அந்த அடை முழுவதும் நனையும்படி மேலிருந்து ஊற்றுவது என் வேலை. விளிம்பில் குனிந்து முகர்ந்து பார்க்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. நொதியும் தொட்டியின் மேல் கரியமில வாயு தேங்கி நிற்கும்; அதில் தலையை நீட்டியவர்கள் மயங்கி உள்ளே விழுந்து இறந்திருக்கிறார்கள். அதன்பிறகு நான் கையை நீட்டிக் குழாயை மட்டும் பிடித்தேன்.

அனுமதிக்கப்பட்ட இனங்கள் பதின்மூன்று என்பார்கள். ஒரே இனத்தின் வெவ்வேறு நிறங்களைத் தனித்தனியாக எண்ணினால் பதினெட்டு. ஆனாலும் நிலத்தில் முக்கால் பங்குக்கு அருகில் கிரெனாஷ்தான். அது சர்க்கரையை வாரிக் கொடுக்கும். நிறமும் துவர்ப்பும் குறைவு, காற்றுபட்டால் சீக்கிரம் கெடும். அந்தக் குறைகளை ஈடுசெய்யச் சிரா, மூர்வேத்ர் என்னும் வேறு சிவப்பு இனங்கள் வருகின்றன. சிறிய புது ஓக் பீப்பாய்களைவிடச் சிமென்டுத் தொட்டியும் பெரிய பழைய மரப் பீப்பாய்களும் இங்கே விரும்பப்படுவதற்கும் கிரெனாஷின் இந்தச் சுபாவமே காரணம்.

செப்டம்பர் 19

எட்டு வருடம் வைத்திருந்த ஒரு பாட்டிலைத் திறந்தார்கள். ஓரத்தில் செங்கல் நிறம். உலர்ந்த அத்தி, மிளகு, வெயிலில் காய்ந்த தைம். லேபிளில் 15 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருந்தது. பரோன் குறைந்தபட்சத்தை நிர்ணயித்தார். கோடைகள் சூடேறிவரும் இக்காலத்தில் இவர்கள் பயப்படுவது அதிகபட்சத்துக்கு. இரண்டாவது கிண்ணத்தில் எனக்கு அந்தச் சூடு தொண்டையில் தெரிந்தது, சொல்லவில்லை.

செப்டம்பர் 21

கோட்டைக்கு ஏறிப் போனேன். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தது. வடபாதி சரிந்து தென்பாதி மட்டும் நிற்கிறது. கீழே நின்று பார்த்தால் முழுக்கோட்டை, சுற்றி வந்தால் ஒற்றைச் சுவர். அதன் நிழலில் உட்கார்ந்து விரலில் சுற்றியிருந்த துணியை மாற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 22

கடைசி நாள். மூர்வேத்ர் இன்னும் பழுக்கவில்லை. அதைப் பறிக்க வேறு ஆட்கள் வருவார்கள். என் கடைசிப் பெட்டியை நானே இருமுறை சோதித்து, ஐயமானதையெல்லாம் எறிந்துவிட்டுத்தான் அம்மையாரிடம் கொண்டுபோனேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு அடியிலிருந்து ஒரு குலையை எடுத்து, விதையைப் பிதுக்கிக் காட்டிவிட்டு, எறிந்தார்.