இரண்டு வாசல் உள்ள காடு

வட கரோலினாவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் கேரி, மோரிஸ்வில் பக்கம்தான் வீடு பார்க்கின்றன. வந்த புதிதில் வார இறுதி என்றால் மளிகைக் கடை, கேரி வேங்கடேஸ்வரர் கோயில், யாராவது ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் விழா என்று முடிந்துவிடும். ராலே-டர்ஹம் விமான நிலையத்தை ஒட்டியே ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் ஒரு காடு இருப்பது பலருக்கும் தெரிவதில்லை. வில்லியம் பி. அம்ஸ்டெட் மாநிலப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. புதிதாக வந்து சேரும் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு ஏற்றது சால்ஸ் பிராஞ்ச் என்ற சுற்றுப்பாதை. கிளென்வுட் அவென்யூ பக்கத்து வாசலில் நுழைந்து, பார்வையாளர் மையத்தின் அருகே நடக்கத் தொடங்கினால், பிக் லேக் ஏரிப் பக்கமாகப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். மூன்று மைலுக்குச் சற்றுக் குறைவு. மரங்களில் இருக்கும் ஆரஞ்சு வட்டக் குறியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தப்பாது. இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத என் மகன் அடுத்த வட்டத்தைக் கண்டுபிடித்து முன்னால் ஓடுவான். நாங்கள் பின்னால் போவோம். ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் கடினமில்லை. வேர்கள் புடைத்துக்கொண்டிருப்பதால் ஸ்ட்ரோலர் மட்டும் உருளாது.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் குளிர்காலத்தில் இங்கே அழைத்துப் போனோம். ஓக் மரங்களெல்லாம் மொட்டையாக நின்றன. இளம் பீச் (beech) மரங்கள் மட்டும் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் வைத்திருந்தன. வெளிறிய வைக்கோல் நிறத்தில், ஓரம் சுருண்டு, நரம்பு நரம்பாகத் தெரிந்த ஓர் இலையை அம்மா விரலால் நீவிப் பார்த்தார். வசந்தத்தில் புதுத் துளிர் தள்ளும்வரை அவை கிளையிலேயே இருக்கும் என்று சொன்னேன். சற்றுத் தூரம் போனதும், சரிவின் குறுக்கே நீளமாக ஓடிய தாழ்வான மண்மேட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது வரப்புதானப்பா. யாரோ உழுது பயிர் வைத்த நிலம் இது."

இராமநாதபுரத்துப் புஞ்சையில் வேலை செய்த கண்ணுக்கு அது தப்பவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் காடு காடாகவே இல்லை. பருத்தி முதலிய பயிர்களை விளைவித்து விளைவித்து மண் சத்திழந்து, மழையில் அரித்துப்போன பண்ணைகள் இங்கே இருந்தன. மண் கரையாமலிருக்க விவசாயிகள் போட்ட மேடுகள் இன்னும் மரங்களுக்கு நடுவே தெரிகின்றன. பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், 1934இல், அரசு ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கரை விலைக்கு வாங்கியது. வேலையில்லாத இளைஞர்களை வைத்து முகாம்களும் ஏரிகளும் அமைத்து 1937இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. 1943இல் மத்திய அரசு அதை ஒரே ஒரு டாலருக்கு மாநிலத்திடம் கொடுத்தது.

உழுது விட்ட நிலத்தில் முதலில் வருவது பைன். அதற்கு முழு வெயில் வேண்டும். தன் நிழலிலேயே அதன் கன்று வளராது. அந்த நிழலைத் தாங்கும் ஓக், ஹிக்கரி, பீச் கன்றுகள் அடியில் மெதுவாக ஏறுகின்றன. பைன்கள் விழ விழ அவை இடம்பிடிக்கின்றன. ஓங்கிய பைனும் அதன் காலடியில் பீச்சும் அருகருகே நிற்பதைப் பாதையோரத்திலேயே பார்க்கலாம். "நம் தரிசில் சீமைக் கருவேலம் ஏறியது. இங்கே நல்ல மரமாக வந்திருக்கிறது" என்றார் அம்மா. அந்தக் குரலில் இருந்த ஏக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

கேரியில் இருப்பவர்களுக்கு அருகில் உள்ளது ஹாரிசன் அவென்யூ வாசல். அந்த வழியாகப் போனால் சால்ஸ் பிராஞ்சுக்குக் காரில் உள்ளேயே போக முடியாது. வெளியே வந்து சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். முன்பு இந்த இரண்டு வாசல் பக்கங்களும் இரண்டு தனிப் பூங்காக்கள். 1950இல் இந்தக் காட்டில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பிரித்து, கறுப்பின மக்களுக்கென்று ரீடி கிரீக் பூங்கா என ஒதுக்கினார்கள். ஹாரிசன் அவென்யூ வாசல் இருப்பது அந்தப் பக்கம்தான். மற்றப் பகுதிக்கு, மறைந்த ஆளுநர் அம்ஸ்டெட்டின் பெயர் 1955இல் வைக்கப்பட்டது. 1966இல்தான் இரண்டும் ஒன்றாகி, எல்லோருக்கும் பொதுவாயின.

அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது. எந்த நாட்டில் பிறந்தவர் என்று பார்த்து ஆளை எண்ணிச் சேர்த்த பழைய முறை ஒழிந்தது. நம்மைப் போன்றவர்கள் வர வழி பிறந்தது. சம உரிமைக்காகக் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய காலத்தின் விளைவுதான் இரண்டுமே. எங்களுடைய உழைப்பாலும் படிப்பாலும் மட்டும் இங்கே வந்துசேர்ந்தோம் என்று யாராவது பேசும்போது எனக்கு ஹாரிசன் அவென்யூ வாசல் நினைவுக்கு வருகிறது. நடக்கும்போதே இதை என் மகளுக்குச் சொன்னேன். பள்ளிப் பாடத்தில் வருவதற்கு முன் அவள் காலடியிலிருந்தே தெரிந்துகொள்ளட்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை உண்ணி அதிகம். முழுக் காற்சட்டை போட்டுக்கொண்டு, வீடு திரும்பியதும் குழந்தைகளின் காது மடல், கழுத்து, முழங்கால் மடிப்பைத் தவறாமல் பாருங்கள். மூன்று மூன்று இலையாகப் படரும் பாய்சன் ஐவியைத் தொட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கும். காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பு இலைச் சருகின் நிறத்திலேயே கிடக்கும் என்பதால் பாதையை விட்டு இறங்க வேண்டாம். பிக்னிக் மேசைகளில் புளியோதரையைப் பிரித்து நிம்மதியாகச் சாப்பிடலாம். அம்மா ஊருக்குக் கிளம்புவதற்குள் ரீடி கிரீக் பக்கத்துக் கம்பெனி மில் பாதைக்கும் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அங்கே ஓடைக்கரையில் பழைய மாவு ஆலையின் அரைக்கும் கல் கிடக்கிறது. அதை அவர் பார்க்க வேண்டுமாம்.